ரெட்டைச் சுழிக்காரன் சுற்றிய நாடா

உ

திருவொற்றியூர்
2.6.2025

கண்ணு மலருக்கு ஆயா எழுதுவது.

இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் விசாரித்தால் கடிதம் நீளும், விஷயத்துக்கு வருகிறேன்.

போன் இருக்கும்போது ஆயா ஏன் பேனாவைப் பிடித்தாள் என்று நினைப்பாய். அந்தப் போனை வாங்கி வந்து, அதற்குள் என்னென்னவோ தட்டி, உன் படத்தை வைத்து என் கையில் கொடுத்தவன் யார்? ஜெரி. அவன் தட்டிக் கொடுத்த போனில் அவனைப் பற்றியே பேச எனக்கென்ன பைத்தியமா? நான் பேசுவது அவனுக்கும் கேட்கும் என்று எனக்குப் படுகிறது. இல்லை என்பாய். உனக்கு எல்லாமே இல்லைதான். ஆகவே நீயும் எழுதியே பதில் அனுப்பு. போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் உன் தாத்தா வாங்கிப் போட்ட ஷெட்டை நான் உனக்குக் கொடுத்தபோது தெருவே சிரித்தது. "இன்னா சொக்கம்மா, உன் பேத்தி பாவாட நாடா செய்யப் போறாளாமே" என்றார்கள். நான் சிரிக்கவில்லை. என் பேத்தி செய்யும் நாடாவில் கரண்ட் ஒரு சொட்டு வீணாகாமல் ஓடும், அதைச் சுருட்டிக் காந்தம் செய்தால் லாரியையே தூக்கும் என்று காசிமேட்டு மார்க்கெட்டில் நின்று சொன்னவள் நான். அந்த நாடாவுக்குக் கெட்ட பேர் வந்தால் முதலில் என் வாயில்தான் மண் விழும்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்ற ஷெட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றி, நீ சொன்னபடி முந்தானையை உதறி, பிளாஸ்டிக் திரையை விலக்கினால், ஜெரி மேஜைமேல் எதையோ துண்டால் மூடுகிறான். ஒரு டப்பா. ஓரத்தில் வெள்ளைப் பவுடர் சிந்திக் கிடக்கிறது.

"இன்னாடா அது, துணி போத்தி வச்சிகினு கீற?"

"ஒண்ணும் இல்ல ஆயா. சொம்மா."

சும்மா இருப்பதை யாராவது மூடி வைப்பார்களா? வாட்ச்மேன் பொன்ராஜை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "எனக்கு இன்னா தெரியும் ஆயா. நம்ம மலரம்மா பிளைட்டு ஏறினதுலர்ந்து அவரு விடியக்காலைலயே வந்துட்றாரு. கதவ மூடிக்கினு உள்ளயே கீறாரு" என்றான்.

உன்னோடு படித்தவன், பாதிப் பங்குக்காரன், ராயபுரம் கோயிலில் பாட்டுப் பாடுகிற பிள்ளை, எல்லாம் சரி. ஐம்பது வருஷம் மீன் விற்றவள் நான். கூடையைத் துணியால் மூடுகிறவன் எதற்கு மூடுகிறான் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பவுடர் என்ன? நீ சொல்லித்தான் போடுகிறானா?

உன் ஆயா
சொக்கம்மாள்


செண்டாய், ஜப்பான்
13.6.2025

அன்புள்ள ஆயாவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே தபால்காரர் அதை இரண்டு கையாலும் நீட்டிக் குனிந்து கொடுத்தார். உள்ளே இருப்பது தெரிந்தால் நிமிர்ந்திருக்க மாட்டார்.

முதலில் ஒன்று. போனில் நீ பேசுவது ஜெரிக்குக் கேட்காது. சத்தியமாகக் கேட்காது. இருந்தாலும் நீ கேட்டதற்காக எழுதுகிறேன்.

ஜெரியைச் சந்தேகப்படாதே. ஷெட்டில் வெள்ளைப் பவுடர் பல உண்டு. நம் நாடா எதனால் ஆனது? மெல்லிய உலோகப் பட்டைமேல் ஒரு கரைசலைப் பூசி, சூளையில் சுடுகிறோம். அந்தக் கரைசலுக்கே நாலைந்து பவுடர் வேண்டும். அதில் ஒன்றாக இருக்கும்.

நாடாவைச் சோதிக்க வந்த வேலை இங்கே நன்றாகப் போகவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அப்பாவிடம் சொல்லாதே. நாடாவைக் கடும் குளிரில் வைத்து மின்சாரம் விட்டோம். அருமையாக ஓடியது. பக்கத்தில் நின்ற ஜப்பான்காரர் தலையாட்டினார். பிறகு அதையே பெரிய காந்தத்துக்குள் வைத்தோம். காந்தம் ஏற ஏற நாடா தளர்ந்துபோனது. பத்தில் ஒரு பங்கு மின்சாரத்தைக்கூடத் தாங்கவில்லை.

ஏன் என்று கேட்பாய். பலமான காந்தத்தின் பக்கத்தில் வைத்தால், அந்தக் காந்த சக்தி நாடாவுக்குள் சின்னச் சின்னச் சுழியாக இறங்கும். கடலில் சுழி விழுகிற மாதிரிதான், கண்ணுக்குத் தெரியாத அளவில். சுழி ஒரே இடத்தில் நின்றால் தொல்லையில்லை. நகர ஆரம்பித்தால் சூடு, சூடு வந்தால் நாடா வீண். சுழியைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதுதான் எங்கள் பிழைப்பே.

பெரிய காந்தம் நமக்கு இன்னும் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும், ஜூலைக் கடைசியில். அதிலும் நாடா தாங்காவிட்டால், நம்மிடம் நாடா கேட்டிருந்த காந்தம் செய்கிறவர்கள் வேறு இடம் போய்விடுவார்கள். பிறகு ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான். அதனால் இன்னொரு சுருள் நாடா அனுப்பச் சொல்லி ஜெரிக்கு எழுதியிருக்கிறேன். பழைய முறைப்படியே, சுத்தமாக.

அந்த டப்பாவில் என்ன எழுதியிருந்தது? நீ பார்த்தாயா? சும்மா கேட்கிறேன்.

மலர்


உ

திருவொற்றியூர்
23.6.2025

கண்ணு மலருக்கு,

பிள்ளையார் சுழி போடாமல் கடிதம் எழுதியிருக்கிறாய். ஜப்பானில் பிள்ளையார் இல்லையோ? ஜெரியாவது தன் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் மேலே குட்டியாய் ஒரு சிலுவை போடுகிறான். அதைப் பார்த்துத்தான் நீ ஏமாந்திருக்கிறாய்.

சந்தேகப்படாதே என்று மேலே எழுதிவிட்டு, டப்பாவில் என்ன எழுதியிருந்தது என்று கீழே கேட்கிறாய். உனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. சொன்னால் என்ன குறைந்துவிடுவாய்?

எல்லாம் இங்கிலீஷில் எழுதியிருந்தது. எனக்கு எதற்கு அது? நான் ஆளைப் படித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வஞ்சிரம் வறுத்து எடுத்துப் போனேன். சொல்லாமல்தான் போனேன்.

"இன்னா ஆயா, இந்த வெயில்ல?"

"ஏன், நான் வரக்கூடாதா? ஷெட்டு என்னுது. நீ வேலயப் பாரு, நான் குந்திகினு கீறேன்."

உட்கார்ந்து பார்த்தேன். நீ இருக்கும்போது அந்தப் பட்டை ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை கரைசலில் போய் வந்து சூளைக்குள் போகும். இவன் ஒரே பட்டையைத் திரும்பத் திரும்ப விடுகிறான். முறுகல் தோசைக்கு மாவை வழித்து இழுப்பதுபோல மெலிசாக ஒரு பூச்சு, ஒரு சூடு. மறுபடி மெலிசாக, மறுபடி சூடு. பார்த்த எனக்கே கை வலித்தது.

"இன்னாத்துக்குடா இத்தினி வாட்டி? கரைசல மிச்சம் புடிக்கிறியா?"

"மெலிசா போட்டாதான் ஆயா நல்லாகீது."

"மலரு இப்டி போட மாட்டாளே."

மீனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். சாப்பிட்டுவிட்டுக் குழாயடியில் தலையைக் குனிந்து முகம் கழுவினான். அப்போதுதான் பார்த்தேன். உச்சியில் ரெட்டைச் சுழி! ஒன்று இப்படிச் சுற்றுகிறது, ஒன்று அப்படிச் சுற்றுகிறது. ஒரு சுழி உன்னிடம் ஒன்று சொல்லும், இன்னொரு சுழி வேறொன்று செய்யும். நாடாவுக்குள் இருக்கிற சுழியைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று ஜப்பான் வரை போயிருக்கிறாய். இத்தனை வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மண்டையில் இருந்த சுழியை நீ பார்க்கவில்லையே.

சாத்தாங்காட்டில் ரோட்டில் நின்றாலே மூக்குக்குள் இரும்புத் தூசு. அந்தத் தூசு நாடாவில் ஒன்றுகூட விழக்கூடாது என்று நீ சுவரெல்லாம் பிளாஸ்டிக் ஒட்டினாய். நான் மூக்குத்தியைக் கழற்றாமல் உள்ளே வரக்கூடாது என்றுகூட ஒருநாள் சொன்னாய். அந்த இடத்தில் இவன் பொடியைக் கொட்டிக் கலக்குகிறான்.

நீ படித்தவள், உனக்குச் சாட்சி வேண்டும். ஆகவே அவன் கை கழுவப் போன நேரத்தில் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். தபாலில் சந்தேகம் வராமல் இருக்க, வடிவுடையம்மன் கோயில் விபூதிப் பொட்டலத்தைக் கொட்டிவிட்டு அதில் மடித்திருக்கிறேன். யாரும் கண்டுபிடிக்க முடியாது. நெற்றியில் பூசிக்கொள்ளாதே.

உன் ஆயா
சொக்கம்மாள்


செண்டாய்
10.7.2025

ஆயாவுக்கு,

உன் கடிதம் எனக்கு நேராக வரவில்லை. நான்தான் அதனிடம் போனேன்.

வெளிநாட்டுத் தபாலைச் சோதிக்கிற அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். போனால் ஒரு மேஜை, மூன்று அதிகாரிகள், கையுறை, நடுவில் வெள்ளைத் தட்டில் உன் பொட்டலம். மேலே அம்மன் படம். வெள்ளைப் பவுடரை மடித்துக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு யாரும் கண்டுபிடிக்க முடியாது என்றும் எழுதியிருக்கிறாயே, நல்லவேளை அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அது என்ன என்று கேட்டார்கள். என்னவென்று எனக்கே தெரியாது என்று சொன்னால் நான் இன்றைக்கு இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கோயில் சாம்பல் என்றேன். ஒருவர் கைகூப்பினார். இன்னொருவர் அதை ஒரு கருவியில் காட்டி, போதைப் பொருள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஏழெட்டுத் தாளில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். சாகும்வரை இப்படி இன்னொரு முறை செய்யாதே.

ஆய்வுக் கூடத்தில் போட்டுப் பார்த்தேன். நான் பார்த்திருக்கவே வேண்டாம்.

அது சிர்கோனியம் என்கிற உலோகத்தின் உப்பு. நம் கரைசலில் இருக்க வேண்டிய பொருளே இல்லை. போன வருஷம் ஜெரி இதைச் சேர்த்துப் பார்க்கலாம் என்றான். கரைசலில் கரைந்துவிடும், சுடும்போது நாடாவுக்குள் பொடிப் பொடியாகத் திரளும், அந்தப் பொடி சுழியைப் பிடித்து வைக்கும் என்றான். வெளிநாட்டுப் பெரிய கம்பெனிகள் இதைச் செய்வது எனக்கும் தெரியும். அவர்கள் இயந்திரம் வேறு, நம்முடையது வேறு. நாங்கள் செய்து பார்த்தபோது பொடி கட்டி கட்டியாகத் திரண்டு மின்சாரம் போகிற வழியையே அடைத்தது. ஒரு மாத வேலை குப்பைக்குப் போனது. இனிமேல் இந்தப் பவுடர் ஷெட்டுக்குள் வரக்கூடாது என்று நான் சொன்னேன். சரி என்றான். என் முகத்தைப் பார்த்துச் சரி என்றான், ஆயா.

அவன் அனுப்பிய புதுச் சுருளும் வந்துவிட்டது. அழகாகச் சுற்றி, பெட்டிக்குள் ஆடாமல் இருக்க இண்டு இடுக்கெல்லாம் கடலைமிட்டாய் பாக்கெட் அடைத்து அனுப்பியிருந்தான். ஒரு துண்டுச் சீட்டு, 'போட்டுப் பார்' என்று இரண்டே வார்த்தை. காந்தம் இல்லாமல் மின்சாரம் விட்டுப் பார்த்தேன். பழைய சுருளைவிடக் குறைவாகத்தான் எடுக்கிறது. கலப்படம். நாம் எவ்வளவு சுத்தமாகச் செய்கிறோம் என்று இங்கே எல்லாரிடமும் பெருமையடித்துவிட்டு, என் பையில் கலப்பட நாடாவை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அவன் போன் செய்கிறான். நான் எடுக்கவில்லை. எடுத்தால் கத்துவேன், இல்லை அழுவேன். இரண்டும் அவனுக்குக் கேட்க வேண்டாம்.

நீ சொன்னதுதான் நடந்தது. சந்தோஷமா? ஷெட் சாவியை அவனிடமிருந்து வாங்கிவிடு. அந்த டப்பாவையும் எடுத்துவிடு. பங்கிலிருந்து அவனை விலக்க என்ன எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமோ, நான் வந்து போடுகிறேன்.

மலர்


உ

திருவொற்றியூர்
19.7.2025

கண்ணு மலருக்கு,

சந்தோஷமா என்று கேட்டிருக்கிறாய். கேட்கலாமா இப்படி? என் பேத்தி ஏமாந்ததில் எனக்கென்ன சந்தோஷம். நான் சொன்னது சரி என்பதில் கொஞ்சம் உண்டு. அது வேறு, இது வேறு.

கடிதம் வந்த அன்றே ஆட்டோ பிடித்து ஷெட்டுக்குப் போனேன். டோல்கேட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்று, அங்கே போய்ச் சேருவதற்குள் எனக்குக் கோபம் ஆறிவிடுமோ என்று பயமாக இருந்தது. ஆறவில்லை.

"சாவியக் குட்றா."

"இன்னா ஆயா, இன்னா ஆச்சு?"

"டப்பாவுல கீறது இன்னா பவுடருன்னு ஜப்பான்ல சொல்லிட்டாங்க. நீ மிசின் வச்சிகினு கீற மாதிரி அங்கயும் மிசின் கீது."

முகம் சுண்டைக்காய் மாதிரி ஆகிவிட்டது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திருடன் முதலில் இல்லை என்றுதான் சொல்வான். இவன் சொல்லாதது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. கைகாரன் என்று நினைத்துக்கொண்டேன்.

"அவகிட்ட சொல்லிட்டுச் செய்றதுக்கின்னா?"

"சொன்னா வேணாம்பா. ஒரு வாட்டி கெட்டுதுன்னா அவளுக்கு அது ஜென்மத்துக்கும் கெட்டதுதான். உனக்குத் தெரியாதா ஆயா, உன் பேத்தி."

எனக்குத் தெரியாதா என்று என்னையே கேட்கிறான் பார். சாவியை மேஜைமேல் வைத்தான். என் கையில் கொடுக்கவில்லை, வைத்தான். டப்பாவை நானே எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டேன். பிளாஸ்டிக் திரைக்கு வெளியே வந்து செருப்பைத் தேடும்போது பின்னாலேயே வந்தான்.

"ஆயா, ஒண்ணே ஒண்ணு. காந்தம் இல்லாம பாத்தா அது மட்டமாத்தான் தெரியும். அத்த பெரிய காந்தத்துல போடச் சொல்லு. ஒரே ஒரு வாட்டி. அப்புறம் என்ன வெட்டிப் போட்டாலும் சரி."

பார்த்தாயா? உனக்குக் கிடைப்பதே ஒரு முறை. அதையும் தன் கலப்பட நாடாவுக்குக் கேட்கிறான். நீ சுத்த நாடாவை வைத்து ஜெயித்துவிட்டால் இவனுக்கு வேலை இல்லையல்லவா? கெடுக்கப் பார்க்கிறான். அவன் சொன்னதை உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஒருத்தன் சொல்லி அனுப்பியதை நடுவில் முழுங்குவது எங்கள் வழக்கம் இல்லை. சொல்லிவிட்டேன். நீ செய்யாதே.

சாவி என் முந்தானையில். டப்பா வீட்டுச் சமையல்கட்டில், மேல் தட்டில். யாருக்கும் சொல்லவில்லை.

அவன் பஸ் ஏறும்போது தலையைக் குனிந்துகொண்டு போனான். ரெட்டைச் சுழி வெயிலில் நன்றாகத் தெரிந்தது.

உன் ஆயா
சொக்கம்மாள்


உ

செண்டாய்
1.8.2025

ஆயா,

மேலே பார். போட்டிருக்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள்தான் பெரிய காந்தத்தில் நம் முறை. எந்தச் சுருளை வைப்பது என்று அதுவரை எனக்குத் தீர்மானமில்லை. சுத்த நாடாவை மறுபடி வைத்தால் மறுபடி அதே கதைதான், தெரியும். ஆனாலும் அதில் கௌரவம் இருந்தது. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் கலப்பட நாடாவை வைத்தேன். அவன் கேட்டதற்காக இல்லை, அவன் சொன்னதை நம்பியும் இல்லை. அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க வைத்தேன். இதோ பார், நீ கலந்த பவுடர் என்ன செய்தது என்று அளவெடுத்து, அச்சடித்து, அவன் முன்னால் போட வேண்டும் என்று இருந்தது. பழிவாங்க ஒரே ஒரு வாய்ப்பைச் செலவு செய்தேன், அதுதான் உண்மை.

காந்தத்தை ஏற்ற ஆரம்பித்தார்கள். முதலில் அது பழையதைவிடக் கீழேதான் நின்றது. நான் மனசுக்குள் அவனைத் திட்டுவதற்கு வார்த்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஏற்றினார்கள். பழைய நாடா சரிய ஆரம்பித்த இடம் வந்தது. இது சரியவில்லை. இன்னும் ஏற்றினார்கள். பழைய நாடா செத்துப்போன இடம் வந்தது, தாண்டியது. இது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, ஆனால் விடவில்லை, ஆயா. முடிவில் பழையதைவிட நாலு மடங்கு மின்சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் இருந்தவர் கருவியில் கோளாறோ என்று சந்தேகப்பட்டு மறுபடி இறக்கி ஏற்றினார். மறுபடியும் அப்படியே.

ஒரு துண்டை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தேன். போன வருஷம் கட்டி கட்டியாகக் கிடந்த பொடி, இதில் கண்ணுக்கே எட்டாத புள்ளி புள்ளியாக நாடா முழுக்க ஒரே சீராக இருந்தது. அத்தனை மெலிசாகப் பூசிப் பூசிச் சுட்டதால் பொடி ஒன்றோடொன்று சேர்ந்து பெருக்க இடமே இல்லாமல் போயிருக்கிறது. முறுகல் தோசை என்று நீ எழுதியிருந்தாயே. நான் அந்த வரியைத் தாண்டி, பொட்டலத்தைப் பார்த்தேன்.

நாடா கேட்டிருந்தவர்கள் இங்கேயே வந்து பார்த்துவிட்டார்கள். இதே நாடாதான் வேண்டுமாம். ஷெட் மூடாது.

ஆனால் அவன் என்னிடம் பொய் சொன்னான் என்பது அப்படியேதான் இருக்கிறது. நாடா தாங்கிவிட்டது என்பதற்காகப் பொய் மெய்யாகிவிடுமா? எனக்குத் தெரியவில்லை. நான் இன்னும் அவன் போனை எடுக்கவில்லை. எடுத்தால் முதல் வார்த்தை என்ன சொல்வது? திட்டு எடுத்து வைத்திருந்தேன், அது இப்போது உதவாது. வேறு வார்த்தை என்னிடம் இல்லை.

அந்த டப்பா பத்திரமாக இருக்கிறதா? அடுத்த சுருளுக்கு அதுதான் வேண்டும். பதினெட்டாம் தேதி வருகிறேன்.

மலர்


உ

திருவொற்றியூர்
9.8.2025

கண்ணு மலருக்கு,

டப்பா பத்திரமா என்று கேட்டிருக்கிறாய். டப்பா பத்திரம்.

உன் அம்மா வெள்ளிக்கிழமை கோலமாவு தீர்ந்துபோய், மேல் தட்டில் கைவிட்டு, வெள்ளையாக இருந்ததை எடுத்துக்கொண்டு போய் வாசலில் சிக்குக் கோலம் போட்டுவிட்டாள். பதினைந்து புள்ளி. "இன்னா அத்த, இந்தத் தபா மாவு நல்லா நைசா வுளுது" என்று எனக்கே வந்து சொல்கிறாள். யாருக்கும் சொல்லாமல் வைத்தது என் தப்பு என்று நீ சொல்வாய். அதைக் கோலமாவு பக்கத்தில் வைத்ததுதான் தப்பு. பாதி மிச்சம் இருக்கிறது.

உன் கடிதமும் அதே வெள்ளிக்கிழமைதான் வந்தது. நான் வாசலில் நின்று, கோலத்தை மிதிக்கவும் முடியாமல் அள்ளவும் முடியாமல் இருக்கும்போது ஜெரி வந்தான். சாவி கேட்க வந்தானா என்றால் இல்லை, போனுக்கு ரீசார்ஜ் செய்ய வந்தானாம். நான் கேட்டேனா ரீசார்ஜ்? வந்தவன் கோலத்தைப் பார்த்தான், குனிந்து விரலால் தொட்டான், தெரிந்துகொண்டான். திட்டுவான் என்று பார்த்தேன். சிரிக்கிறான்.

"ஆயா, இதத்தான் நான் அவகிட்ட ஒரு வருசமா சொல்லிகினு கீறேன். புள்ளி வச்சாத்தான் கோடு அத்த சுத்திகினு நிக்கும். புள்ளி இல்லாங்காட்டி கோடு எங்க வோணாலும் ஓடும்."

"கோலம் எனக்குச் சொல்லித் தரியா நீ? திருட்டுத்தனமா வச்ச புள்ளிதானடா அது."

சிரிப்பு நின்றுவிட்டது. "ஆமா ஆயா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

நாடா தாங்கியதை நான் அவனிடம் சொல்லவில்லை. அதை நீ சொல்ல வேண்டும். கடைசியில் சாவியும் கேட்டான், கொடுக்கவில்லை. நீ எழுதிக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். பதினெட்டாம் தேதி இரண்டு பேரும் ஷெட் வாசலில் ஒன்றாக வந்து நில்லுங்கள், முந்தானையை அவிழ்க்கிறேன். அவன் சொல்லாமல் செய்தான், நீ கேட்காமலே வேண்டாம் என்றாய். இரண்டையும் என் காது கேட்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டு உள்ளே போங்கள். மார்க்கெட்டில் நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன், என் பேத்தி நாடா ஜப்பான் காந்தத்தையே தாங்கிவிட்டது என்று. கலப்பட விஷயம் சொல்லவில்லை, அது வீட்டு விஷயம்.

அவன் நல்லவன் என்று நான் எழுதியதாக நினைத்துக்கொள்ளாதே. என் சந்தேகம் தீரவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

பெட்டிக்குள் நாடா ஆடாமல் இருக்கக் கடலைமிட்டாய் அடைத்து அனுப்பினான் என்று எழுதியிருந்தாய். ராயபுரத்தில் பஞ்சு கிடைக்கவில்லையா? பழைய பேப்பர் கிடைக்கவில்லையா? சின்ன வயதிலிருந்து கடலைமிட்டாய்க்காக நீ என் இடுப்பு மடிக்குள் கைவிடுவாய் என்பது நம் வீட்டைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? பவுடரைத் துண்டு போட்டு மூடியவன் வேறு எதை மூடி வைத்திருக்கிறான்? அதைவிட, அந்த மிட்டாயை நீ என்ன செய்தாய்? அதைப் பற்றி ஒரு வரி இல்லையே உன் கடிதத்தில்.

இதற்கு மட்டும் போனில் பதில் சொல்லாதே. எழுது. எந்த இடத்தில் பேனா நின்று நின்று போயிருக்கிறது என்று பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

உன் ஆயா
சொக்கம்மாள்